குதிரைக்கான ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்துப் பேஸ்ட்டை மனிதர் சாப்பிட்டால் என்ன ஆகும்? மருந்து ஒன்றுதானே?

மருந்து ஒன்றுதான், சரி. 2015-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த நல்ல மருந்தும்கூட. சிக்கல் அளவில்தான்.

அமெரிக்காவில் விற்கும் குதிரை பேஸ்ட் குழாய் ஒன்றில் சுமார் 6 கிராம் பேஸ்ட், அதில் 1.87 சதவீதம் ஐவர்மெக்டின். அதாவது ஏறக்குறைய 113 மில்லிகிராம். யானைக்கால், ஆற்றுக்குருடு போன்ற நோய்களுக்கு மனிதருக்குக் கொடுப்பது கிலோவுக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான்; 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம் போதும். பேஸ்ட்டைப் பிதுக்க அழுத்தும் தண்டில் உள்ள ஒவ்வொரு கோடும் 113 கிலோ குதிரை எடைக்கானது. பட்டாணி அளவு என்று கண்ணால் பார்த்துப் பிதுக்கினால் எங்கே போய் நிற்குமோ!

இது புழுவின் நரம்பை முடக்கிக் கொல்கிறது. நம் மூளைக்குள் இது நுழையாமல் ஒரு புரதம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் அந்தக் காவல் தாங்காது. வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி தள்ளாட்டம், குழப்பம், ரத்த அழுத்தச் சரிவு, வலிப்பு, கோமா வரை போகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தப்போக்கு அபாயமும் உண்டு.

கோவிட் காலத்தில், 2021-இல், இதை விழுங்கி மருத்துவமனைக்குப் போனவர்கள் அமெரிக்காவில் உண்டு. கோவிட்டுக்கு இது பயன்படவில்லை என்று பெரிய ஆய்வுகள் பிறகு காட்டின.

முறிமருந்து கிடையாது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். எவ்வளவு உள்ளே போனது என்று மருத்துவர் அதைப் பார்த்துக் கணக்கிடுவார்.