சட்டம் – வாசகர் கேள்வி பதில்: அடுத்தவர் தளத்துக்கு இணைப்பு கொடுப்பது குற்றமா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு இன்னொரு நிறுவனம் இணைப்பு கொடுத்ததற்காக வழக்கு நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு வழிகாட்டுவதில் என்ன தவறு இருக்க முடியும்?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் வியப்பு நியாயமானது. ஆனால், வழக்குத் தொடுத்தவர்களில் பலரும் வழிகாட்டியதையே குறையாகச் சொல்லவில்லை. வாசகர் முகப்புப் பக்கத்துக்கு வராமல் நேரே உட்பக்கத்துக்குப் போய்விடுகிறார், அதனால் முகப்பில் இடம்பெறும் விளம்பரங்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் அவர்களுடைய மனக்குறை.

இவ்வகையில் முதலில் உலகத்தின் கவனத்தை ஈர்த்த வழக்கு, ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்து தீவுகளில் எழுந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெளிவரும் ‘ஷெட்லாந்து டைம்ஸ்’ பத்திரிகை தன் செய்திகளை இணையத்தில் வெளியிட்டபோது, அதே பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஜொனாதன் வில்ஸ் நடத்திய ‘ஷெட்லாந்து நியூஸ்’ என்ற தளம், அந்தச் செய்திகளின் தலைப்புகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் தன் பக்கத்தில் இட்டு, ஒவ்வொரு தலைப்பையும் டைம்ஸின் செய்திப் பக்கத்தோடு இணைத்தது. 1996 அக்டோபர் 24 அன்று நீதிபதி ஹாமில்டன் பிரபு இடைக்காலத் தடை விதித்தார். இணையதளத்தையும் கேபிள் நிகழ்ச்சிச் சேவையாகக் கருத இடமுண்டு என்பதும், செய்தித் தலைப்புக்கும் பதிப்புரிமை இருக்கக்கூடும் என்பதும் அந்த ஆணையின் அடிப்படை. கேபிள் சேவை பற்றி பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கேபிள் தொலைக்காட்சியை மனத்தில் வைத்துச் சொன்னதை இணையத்தின் மீது பொருத்திப் பார்த்தது வலிந்த விளக்கம் என்றே நான் கருதுகிறேன். அது சரியா என்பது இறுதி விசாரணையில் சோதிக்கப்படவும் இல்லை; 1997 நவம்பரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. ஒவ்வொரு தலைப்பின் கீழும் இது ‘ஷெட்லாந்து டைம்ஸ்’ செய்தி என்ற குறிப்பும், பக்கத்திலேயே அந்தப் பத்திரிகையின் சின்னமும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இணைப்புகள் தொடர்ந்தன. செய்தியைத் திரட்டியவருக்கு உரிய பெயரும் கிடைத்தது, வாசகருக்கு வழியும் அடைபடவில்லை. நீதிமன்ற ஆணையைக் காட்டிலும் நேர்மையான தீர்வு இதுவே என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1997இல் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், தன் நுழைவுச்சீட்டு விற்பனைப் பக்கங்களுக்கு நேரடி இணைப்பு கொடுத்த மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. அது 1999இல் சமரசத்தில் முடிந்து, இணைப்புகள் முகப்புப் பக்கத்துக்கு மாற்றப்பட்டன. டிக்கெட்மாஸ்டர், இதேபோல் இணைப்பு கொடுத்த டிக்கெட்ஸ்.காம் என்ற தளத்தின் மீது தொடுத்த வழக்கில்தான் தெளிவு பிறந்தது. இணைப்பைச் சொடுக்கியவர் மூலப் பக்கத்துக்கே போய்ச் சேருகிறார், இங்கே எதுவும் நகலெடுக்கப்படவில்லை, ஆகவே இணைப்பு கொடுப்பது மட்டுமே பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2000 மார்ச்சில் நீதிபதி ஹப் கூறினார். நூலகத்தின் அட்டவணை அட்டையைப் பார்த்து நூலைத் தேடுவதற்கு அவர் இதை ஒப்பிட்டது மிகப் பொருத்தமானது.

கேள்வி: அப்படியானால் எந்த இணைப்புக்கும் தடையே இல்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அடுத்தவர் பக்கத்தைத் தன் சட்டகத்துக்குள் காட்டி, சுற்றிலும் தன் விளம்பரங்களை வைப்பது வேறு செயல். ‘டோட்டல்நியூஸ்’ என்ற தளம் அவ்வாறு செய்ததால், வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என் உள்ளிட்டோர் 1997இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தனர். சட்டகத்தைக் கைவிட்டு எழுத்து வடிவில் மட்டும் இணைப்பு தருவதாக அந்தத் தளம் ஒப்புக்கொண்டது. அடுத்தவர் உழைப்பைத் தன் கடையின் சரக்காகக் காட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஐரோப்பிய நீதிமன்றமும் இந்த எல்லையை வகுத்திருக்கிறது. எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் புதிய வாசகர் கூட்டம் எதுவும் உருவாவதில்லை என்பதால் அனுமதி தேவையில்லை என்று 2014இல் ஸ்வென்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 2016இல், உரிமையாளரின் இசைவின்றி ஏற்றப்பட்ட படங்களுக்கு வருமான நோக்கில் இணைப்பு கொடுப்பவர், அவை முறையற்றவை என்பதை அறிந்தே செய்தார் எனக் கருதப்படுவார் என்றும், அவ்வாறு இல்லையென நிறுவும் பொறுப்பு அவரையே சாரும் என்றும் கூறியது.

கேள்வி: எங்கள் ஊர்ச் செய்திகளைத் தொகுத்து இணைப்பு தரும் தளம் ஒன்றை நடத்துகிறேன். இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, பிரிவு 52(1)(c), இணைப்பு தருவதற்காகப் படைப்பொன்றைத் தற்காலிகமாகச் சேமிப்பதை மீறலாகக் கருதுவதில்லை. உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலோ, அது திருட்டுப் பிரதி என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்துகொள்ளத் தக்க காரணம் இருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உரிமையாளர் எழுத்து மூலம் புகார் அனுப்பினால் 21 நாட்களுக்கு அதற்கு வழிவிடுவதை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் வழங்கலாம். ஆகவே, புகார் அனுப்புவதற்கான முகவரியைத் தளத்தில் தெளிவாக வெளியிடுங்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூலப் பத்திரிகையின் பெயரை இடுங்கள். செய்தியின் முழு உரையை உங்கள் பக்கத்தில் எடுத்து ஒட்டாதீர்கள்.