இரண்டு மணி வரை படித்தும் மறக்கிறதே, டாக்டர்?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. இரவு இரண்டு மணி வரை படிக்கிறான், காலை ஆறு மணிக்கு டியூஷன். கேட்டால் பாதி மறந்துவிட்டது என்கிறான். 'தீட்டா அலை' இசையை ஹெட்போனில் கேட்டால் ஞாபகசக்தி கூடும் என்று பணம் கட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா? மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்க்கணுமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: பணம் கட்டாதீர்கள், அம்மா.

தீட்டா அலை உண்மையில் இருக்கிறது. விற்பவர்களுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. புதிதாக ஒன்றைக் கற்கும்போது, மூளையில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நொடிக்கு 4 முதல் 8 முறை எழுந்து அடங்கும் மின்துடிப்புதான் அது. அதற்குள்ளே நொடிக்கு 30-க்கு மேல் துடிக்கும் காமா அலைகள் ஓடும். தாளத்தில் ஒரு தட்டுக்குள் 'தகதிமி' அடங்குகிறதே, அதுபோல. தட்டோடு ஒட்டி நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) துடித்தால் பார்த்தது நன்றாகப் பதிகிறது. ஆனால் இந்தத் தாளம் மூளை தானாகப் போடுவது. அந்த ஹெட்போன் இசைபோல இரு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலியைக் கொடுத்து அதை வரவழைக்கலாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை; ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

பையனுக்குக் குறைவது தூக்கத்தில் நடக்கும் வேலை. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக ஒரு பெரிய மெதுவான அலை வரும். அதன்மேல் நொடிக்கு 11 முதல் 16 வரை துடிக்கும் 'ஸ்பிண்டில்' ஏறி வரும். நூல் சுற்றிய கதிர்போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருப்பதால் அந்தப் பெயர். இவற்றோடு இசைந்து ஹிப்போகாம்பஸிலிருந்து மிக வேகமான 'ரிப்பிள்' என்ற சிற்றலை கிளம்பும். பகலில் கற்றது அப்போது மறுபடி ஓடி, மூளையின் மேற்பரப்பில் நிலைபெறுகிறது. எலிகள் ஓடிய பாதையை அவற்றின் நியூரான்கள் தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை 1994-இலேயே பதிவு செய்தார்கள். 2009-இல் தூங்கும் எலிகளின் ரிப்பிளை மட்டும் மின்சாரத்தால் கலைத்தார்கள். அவை பாதையைக் கற்பதில் பின்தங்கின.

இரண்டு மணிக்குப் படுத்தாலும் மெதுவான அலைகள் ஓரளவு கிடைத்துவிடும், அவை தூக்கத்தின் முன்பாதியில்தான் அதிகம். அதனால்தான் பையன் 'நல்லாத்தான் தூங்கினேன்' என்பான். ஸ்பிண்டில்கள் மிகுந்த, 'இரண்டாம் நிலை' எனப்படும் சற்று ஆழம் குறைந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் பின்பாதியில் கூடுதல். ஐந்தரைக்கு எழுப்பினால் வெட்டுப்படுவது அந்தப் பகுதி. அவன் வயதுக்கு 8 மணி நேரமாவது வேண்டும். நடைமுறையில் கஷ்டம்தான், தெரியும். ஆறு மணி டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பத்தரைக்குள் படுக்கட்டும். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். மனப்பாடப் பகுதியைப் படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு, காலையில் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்புறம் இ.இ.ஜி. ஞாபகசக்தியை அளக்கும் கருவியல்ல அது. வலிப்பு நோயைக் கண்டறியத்தான் பெரும்பாலும் எடுக்கிறோம். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்க்கிறானா? கூப்பிட்டால் பதில் இல்லையா? அந்த நேரத்தில் வாயை மெல்லுவதுபோல் அசைக்கிறானா? இதில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துப் போங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி. அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கவிட்டுப் பார்த்த பிறகு எழுதுங்கள்.