கேள்வி நேரம்: வளவில் மேளச் சத்தம்

கேள்வி: தை மாதம் எங்கள் வீட்டு வளவில் அப்பச்சிக்கு அறுபதாங்கல்யாணம். நாதஸ்வரம், தவிலை முழுவதும் பதிவு செய்ய ஆசை. போன விசேஷத்தில் செல்போனில் எடுத்தது, தவில் ஏறியதும் கரகரவென்று உடைந்துவிட்டது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் என்றால் எந்தச் சத்தத்துக்கும் உடையாதாமே? தனி மைக்கும் வாங்க வேண்டுமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: பாதிதான் உண்மை. லெவல் (பதிவாகும் ஒலியின் அளவு) வைப்பதில் செய்த தவறை 32 பிட் ஃப்ளோட் மீட்டுத்தரும். மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை எந்த பிட்டும் ஒட்டவைக்காது. எனவே மைக் தாங்கும் உச்ச டெசிபலை முதலில் பாருங்கள். ஜூம் எச்1 எசென்ஷியல் 32 பிட் ஃப்ளோட்தான்; அதன் மைக் தாங்குவது 120. டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் 125. ஜூம் எச்5 வெறும் 24 பிட், ஆனால் 140 வரை தாங்கும். மேளத்துக்கு எச்5தான். தனி மைக் இப்போது வேண்டாம்.

மெஷினைவிட இடம் முக்கியம். ஆத்தங்குடித் தரையும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சுச் சுவரும் ஒலியைக் குடிக்காது, திருப்பியடிக்கும். தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி வைத்தால் தவில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். முற்றத்தில் வானம் திறந்திருப்பதால் எதிரொலி குறைவு. (தகரப் பந்தல் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.) முற்றத்து ஓரமாக, மேளக்காரர்களுக்கு மூன்று மீட்டர் எதிரே, ஐந்தடி உயர ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அணசு (நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாய்) நேராகப் பார்க்கும் கோட்டில் நாதம் காதைக் குத்தும். அதிலிருந்து இரண்டடி விலக்குங்கள், ஆனால் நாதஸ்வரத்தின் பக்கமே இருக்கட்டும். தவில் தானாக வந்து சேரும்.

ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தவிலடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி எழும். ஆலாபனையைக் கேட்டு லெவல் வைப்பவர்கள் மாங்கல்யதாரணத்தில் மாட்டிக்கொள்வார்கள். முன்கூட்டியே கெட்டிமேளம் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, அதன் உச்சம் ரெக்கார்டரின் லெவல் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலில் நிற்குமாறு வையுங்கள். லோ கட் (அடி ஒலிகளை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தொப்பியின் (தவிலின் கனத்த ஒலி தரும் பக்கம்) கனம் போய்விடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 32 ஜிபி கார்டு தாராளம். மின்விசிறிக் காற்று நேரே பட்டால் மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, முடி உறை போடுங்கள்.

கேள்வி: கோயில் கச்சேரியில் மைக்செட் மிக்ஸரிலிருந்தே எடுக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: எடுக்கலாம். ஆனால் மிக்ஸரின் லைன் அவுட் (ஒலியை வெளியே அனுப்பும் துளை) சிக்னல் வலுவானது. மைக் இன்புட்டில் அப்படியே கொடுத்தால் உடையும். லைன் இன்புட்டில் கொடுங்கள். முன்னால் மைக் வைக்காத வாத்தியம் மிக்ஸரில் இருக்காது என்பதால், ரெக்கார்டரின் சொந்த மைக்கையும் தனி டிராக்கில் ஓடவிடுங்கள்.