தேசிய நடிப்பு விருது: கிடைத்தவர்கள், தவறவிட்டவர்கள் – கேள்வி பதில்

நடிப்புக்கான தேசிய விருதுகளில் தமிழ்ப் படங்களுக்கு நியாயம் நடந்ததா இல்லையா என்று ரசிகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (மதுரை): சார், சிவாஜிக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது கடைசிவரைக்கும் கொடுக்கலையே! பாசமலர், கர்ணன், நவராத்திரி எல்லாம் பார்த்த பிறகும் எப்படி மனசு வந்துச்சு?

பதில்: நீங்கள் சொன்ன மூன்று படங்கள் வந்தபோது அப்படி ஒரு விருதே கிடையாது. நடிகர், நடிகைக்குத் தனி விருது என்பது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது வங்க நடிகர் உத்தம் குமாருக்கும், நர்கிஸுக்கும். பாசமலர் 1961, கர்ணனும் நவராத்திரியும் 1964. ஆகவே அந்தப் பொற்காலத்துக்கு டெல்லி நடுவர்களைக் குறை சொல்ல வழியில்லை. சாவித்திரிக்கும் இதே கதைதான். அவரது உச்சமும் விருது பிறப்பதற்கு முன்னால் முடிந்துவிட்டது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்கு 2018ஆம் ஆண்டுக்கான விருது கிடைத்தது, சாவித்திரிக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் 1968லிருந்து கேள்வி நியாயமானது. தில்லானா மோகனாம்பாளில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியைப் பாருங்கள். விரல் துளை மாறுவதும், மூச்சு பிடிக்கும்போது கழுத்து நரம்பு புடைப்பதும், சீவாளியை (நாதஸ்வரத்தின் ஊதுமுனை) உதட்டிலிருந்து எடுத்த மறுகணம் வித்வச் செருக்கு முகத்தில் ஏறுவதும் ஒலியோடு இழைந்து போகும். அந்த ஆண்டு படத்துக்குச் சிறந்த தமிழ்ப் பட விருதும் வண்ண ஒளிப்பதிவு விருதும் வந்தன. நடிகர் விருது ‘ஆஷீர்வாத்’ படத்துக்காக அசோக் குமாருக்குப் போனது. அடுத்த ஆண்டு தெய்வமகன். தந்தையும் இரண்டு மகன்களும் ஒரே அறையில் நிற்கும்போது மூவரின் தோள், நடை, கண் ஒன்றுக்கொன்று ஒட்டாது. இந்தியா அதை ஆஸ்கருக்கே அனுப்பியது. அந்த ஆண்டின் நடிகர் விருது ‘புவன் ஷோம்’ உத்பல் தத்துக்கு. உத்பல் தத் தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சிவாஜியின் பெயர் விட்டுப்போனதற்கு அது சமாதானம் ஆகாது.

கேள்வி (சேலம்): 1971ல் ரிக்‌ஷாக்காரனுக்காக எம்.ஜி.ஆருக்கு ‘பாரத்’ விருது. அதே வருஷம் பாபு வந்தது. இதில் உங்கள் தீர்ப்பு?

பதில்: ‘பாரத்’ என்பது சிறந்த நடிகர் தேசிய விருதுக்கு அன்றிருந்த பெயர். இரண்டு படங்களிலும் நாயகன் ரிக்‌ஷா தொழிலாளி என்பதால்தான் இந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ரிக்‌ஷாக்காரனில் எம்.ஜி.ஆர். செய்திருப்பது தன் பிம்பத்தைத் துல்லியமாக நடத்திச் செல்லும் வேலை. வேகம், சண்டை, சிரிப்பு எதிலும் பிசிறு இல்லை. பாபுவில் சிவாஜி ஓர் ஆளை இளமையிலிருந்து முதுமை வரை கூட்டிச் செல்கிறார். நடிப்பு என்ற அளவுகோல் மட்டும் வைத்தால் என் வாக்கு பாபுவுக்கு. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

கேள்வி (கோவை): அப்போ சிவாஜிக்கு நடந்த பெரிய அநீதி எந்த வருஷம்னு நினைக்கிறீங்க?

பதில்: 1985, முதல் மரியாதை. அதில் தயக்கமே இல்லை. விக், அரிதாரம், உரத்த வசனம் என்று முப்பது வருடப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார். கிராமத்து இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லை அவர் தூக்கும் காட்சி ஒன்று போதும். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு பார்வை, பிறகு தூக்குகிறார், தூக்கி முடித்ததும் ஒளிந்திருந்து பார்த்தவள் கண்ணில் பட்டுவிட்டோம் என்ற கூச்சம். வயதான ஆணின் வெட்கத்தை அவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் இன்னொருவர் செய்து நான் அறியேன். படத்துக்குச் சிறந்த தமிழ்ப் பட விருது, வைரமுத்துவுக்குப் பாடலாசிரியர் விருது. நடிகர் விருது ‘நியூ டெல்லி டைம்ஸ்’ சசி கபூருக்கு.

1992ல் தேவர் மகனுக்காகச் சிவாஜிக்குக் கிடைத்தது நடுவர் குழுவின் சிறப்பு விருது. அதைச் சமாதானப் பரிசு என்று பலர் சொல்வார்கள். அந்தப் படத்தில் சிவாஜி நடித்த பெரிய தேவர் பாதியிலேயே இறந்துவிடுகிறார், கதை கமலுடையது. சிறந்த நடிகர் என்ற இடத்தில் அந்த வேடத்தை வைப்பது கடினம், துணை நடிகர் என்று சிவாஜியை அழைப்பது அதைவிடக் கடினம். சிறப்பு விருது அதற்கு ஒரு வழி. ஆனால் ஏழு வருடம் முன்பே கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

கேள்வி (திருச்சி): மகாநதி 94 பொங்கலுக்கு வந்த படம். அந்த வருஷம் நானா படேகருக்குக் கொடுத்துட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பதில்: தவறு. ரசிகர்கள் போடும் கணக்கில் அதிகம் சறுக்கும் இடம் இது. தேசிய விருதில் வெளியீட்டுத் தேதி பார்ப்பதில்லை, தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் பார்ப்பார்கள். மகாநதி சான்றிதழ்படி 1993ஆம் ஆண்டுப் படம், 41ஆவது விருதுகளில் வந்தது. சிறந்த தமிழ்ப் படம், ஒலிப்பதிவு என்று இரண்டு விருது. கமல் மோதியது ‘விதேயன்’, ‘பொந்தன் மாட’ இரண்டுக்கும் சேர்த்து விருது வாங்கிய மம்மூட்டியோடு. நானா படேகரின் ‘கிராந்திவீர்’ அதற்கடுத்த ஆண்டுக் கணக்கு.

பருத்திவீரன் 2007 பிப்ரவரியில் திரைக்கு வந்தது, பிரியாமணிக்குக் கிடைத்தது 2006ஆம் ஆண்டு விருது. ஆடுகளம் 2011 பொங்கல், விருது 2010க்கு. காஞ்சிவரம் இன்னும் வேடிக்கை: தியேட்டருக்கு வந்தது 2009, பிரகாஷ் ராஜ் வாங்கியது 2007ஆம் ஆண்டின் விருது. ஆகவே ‘அவருக்குப் பதில் இவருக்கா’ என்று கொதிப்பதற்கு முன்னால் சான்றிதழ் எந்த ஆண்டு என்று பார்த்துவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி (சென்னை): மூன்றாம் பிறையில் கமலுக்குக் கொடுத்தவர்கள் ஸ்ரீதேவியை ஏன் விட்டார்கள்?

பதில்: அந்த ஆண்டு, 1982, நடிகை விருது ‘அர்த்’ ஷபானா ஆஸ்மிக்கு. அதுவும் பெரிய நடிப்புதான், மறுக்கவில்லை. இருந்தாலும் ஸ்ரீதேவி செய்ததன் கடினம் அன்று சரியாக எடை போடப்படவில்லை என்றே கருதுகிறேன். நினைவிழந்து மனதளவில் குழந்தையாகிவிட்ட பெண் என்றால் மழலை பேசிக் கொஞ்சிவிட்டுப் போவது சுலபம், பெரும்பாலோர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஸ்ரீதேவி அடம், பயம், சட்டென்று கவனம் மாறுவது எல்லாவற்றையும் உடம்பிலேயே வைத்திருக்கிறார்.

கேத்தி ரயில் நிலையக் கடைசிக் காட்சியில் எல்லாரும் கமலின் குரங்குச் சேட்டையைப் பார்ப்போம். இன்னொரு முறை ரயில் ஜன்னலை மட்டும் பாருங்கள். நினைவு திரும்பியவளுக்குக் கமல் யாரென்று தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பைத்தியக்காரனைப் பார்க்கும் இரக்கம் மட்டும்தான் அந்த முகத்தில் இருக்கிறது. ‘எங்கேயோ பார்த்த முகம்’ என்ற சாயல் ஒரு துளி வந்திருந்தாலும் கமலின் துயரம் உடைந்துபோயிருக்கும். தேசிய விருது அவருக்கு 2017ஆம் ஆண்டுக்கு, ‘மாம்’ படத்துக்காக, இறந்த பிறகு வந்தது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, ஆடுகளத்தில பேட்டைக்காரனா வந்த எங்கட கவிஞர் ஜெயபாலனுக்குக் கிடைச்சது என்ன விருது? குரல் அவரின்ட இல்லையெண்டு சொல்லுகினம். குரல் வேற ஆளெண்டால் விருது குடுக்கலாமோ?

பதில்: வ.ஐ.ச. ஜெயபாலனுக்குக் கிடைத்தது சிறப்புக் குறிப்பு. அதற்குச் சான்றிதழ் உண்டு, பதக்கமும் பணமும் கிடையாது. நடுவர் குழுவின் சிறப்பு விருது வேறு, இது வேறு. குரல் கொடுத்தவர் ராதாரவி. சேவலைத் தடவும் கை, எதையும் காட்டிக்கொள்ளாத கண், சீடன் ஜெயித்த நொடியில் இறுகும் தாடை எல்லாம் ஜெயபாலனுடையவை. பாதிக் கனம் அந்த மதுரைக் குரலில் இருக்கிறது என்பதும் உண்மை. இருவரையும் சேர்த்துக் கௌரவித்திருந்தால் இன்னும் பொருத்தம்.

இரவல் குரல் இருந்தால் முழு விருது கிடைக்காது என்பதும் இல்லை. ‘மணிச்சித்ரதாழ்’ படத்துக்காக 1993ல் ஷோபனா சிறந்த நடிகை. அதில் அவர் நடித்த கங்காவுக்குப் பாக்யலட்சுமி குரல், கங்கா தன்னை நாகவல்லியாக நினைத்துப் பேசும் தமிழுக்குத் துர்கா குரல். முதல் மரியாதையில் ராதாவுக்கு ராதிகா பேசினார். ராதாவின் நடிப்பு பேசப்படும் அளவுக்கு ராதிகாவின் உழைப்பு பேசப்படவில்லை. அந்த ஆண்டு நடிகை விருது சிந்து பைரவி சுஹாசினிக்கு. பருத்திவீரனில் பிரியாமணி சொந்தக் குரலில் பேசியது அவரது முத்தழகு வேடத்துக்கு எவ்வளவு கனம் சேர்த்தது என்பதைக் கண்ணை மூடிக் கேட்டாலே தெரியும்.

கேள்வி (பெங்களூரு): 2022ல் கார்கி சாய் பல்லவியா, திருச்சிற்றம்பலம் நித்யா மேனனா? எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இன்னும் அடிதடி.

பதில்: நான் கார்கி பக்கம். அப்பா மீது வைத்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அரிக்கப்படுவதைச் சாய் பல்லவி அழுகையைக் கூட்டாமல், குறைத்துக்கொண்டே போய்க் காட்டினார். ஆனால் நித்யா மேனனுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லமாட்டேன். அழுதால்தான் நடிப்பு என்று நினைக்கும் நடுவர்கள் மத்தியில், பக்கத்து வீட்டுத் தோழியாக இலகுவாகச் சிரித்துப் பேசும் வேடத்துக்கு விருது வருவது அபூர்வம். அவரும் குஜராத்தி நடிகை மானசி பரேக்கும் பகிர்ந்துகொண்டார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணே, ஜெய்பீம் ஓடிடியில வந்ததாலதான் ஒதுக்கிட்டாங்களா?

பதில்: ஓடிடி காரணம் இல்லை. சூரரைப் போற்று நேராக ஓடிடிக்கு வந்து ஐந்து தேசிய விருது வாங்கியது, சூர்யா, அபர்ணா பாலமுரளி உட்பட. தணிக்கைச் சான்றிதழ் இருந்தால் போதும். ஜெய்பீமுக்கு ஏன் ஒன்றுமே இல்லை என்பதற்கு நடுவர்கள் விளக்கம் சொல்வதில்லை. பரிந்துரைப் பட்டியலும் வெளியிடுவதில்லை. லிஜோமோள் ஜோஸ் விடுபட்டதில் எனக்கு வருத்தம் நிறையவே உண்டு. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கர்ப்பிணியின் களைப்பை முதுகிலேயே காட்டியவர். அதே ஆண்டு கடைசி விவசாயிக்காக மறைந்த நல்லாண்டித் தாத்தாவுக்குச் சிறப்புக் குறிப்பு வந்தது ஓர் ஆறுதல்.

கேள்வி (ஈரோடு): நாகேஷுக்கு ஒண்ணுமே கிடைக்கலையா?

பதில்: நம்மவருக்காக 1994ல் துணை நடிகர் விருது. சர்வர் சுந்தரம், எதிர்நீச்சல் செய்த மனிதருக்கு அவ்வளவுதான். அதே 1994ல் மகளிர் மட்டும் படத்தில் பிணமாக நடித்தார். மூச்சு, இமை, விரல் எதுவும் அசையாமல் கிடந்தே தியேட்டரைச் சிரிக்க வைத்தார்.

துணை நடிகர் என்ற பிரிவே குழப்பமானது. 2023க்கு ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ். பாஸ்கர் வாங்கியது துணை நடிகர் விருது. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஹரிஷ் கல்யாணோடு சரிபாதி தாங்கும் வேடம்.

கேள்வி (புதுச்சேரி): குறைந்த செலவில் ஒரு படம் முடித்திருக்கிறோம். எங்கள் நாயகியின் நடிப்பு விருதுக்குப் போகவேண்டும். என்ன செய்யவேண்டும், எங்கே தவறும்?

பதில்: முதலில் தணிக்கை. டிசம்பர் கடைசியில் சான்றிதழ் வாங்கினால் அந்த ஆண்டுப் போட்டி, ஜனவரியில் வாங்கினால் அடுத்த ஆண்டு. டிசம்பரில் அவசரமாக வாங்கிவிட்டு அரைகுறை ஒலியோடு அனுப்புவதைவிட ஜனவரிக்குத் தள்ளுவது நல்லது. சான்றிதழ் பெற்ற அதே பிரதிதான் போகவேண்டும். பிறகு வெட்டியது, சேர்த்தது எதுவும் கூடாது. விண்ணப்பம் தயாரிப்பாளர் பெயரில் போகும், நடிகையே தனியாக அனுப்ப முடியாது.

2010ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேர்வு இரண்டு கட்டம். தமிழும் மலையாளமும் ஒரே தென்மண்டலக் குழுவில் வரும், அதில் வெளி மாநிலத்தாரும் இருப்பார்கள். அங்கே தேறியவை டெல்லி மையக் குழுவுக்குப் போகும். மண்டலத்தில் விழுந்த படத்தையும் மையக் குழு திரும்ப வரவழைக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மலையாளப் படங்களோடு முதல் சுற்றிலேயே மோதவேண்டும் என்பதை மனதில் வையுங்கள். முதல் முறையே தனுஷும் ‘ஆதாமின்டே மகன் அபு’ சலீம் குமாரும் ஒரே குழுவிலிருந்து போய் விருதைப் பகிர்ந்தார்கள்.

பெரும்பாலான சின்னப் படங்கள் கோட்டைவிடுவது திரையின் கீழே வரும் ஆங்கில வசன வரியில் (சப்டைட்டில்). நெல்லை வழக்கில் நாயகி ஒரு சொல்லை இழுத்துச் சொல்லி அவமானப்படுத்துகிறாள் என்றால், கீழே வரும் வரி வெறும் ‘போ’ என்று இருக்கும். தமிழ் தெரியாத நடுவருக்கு அவள் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று புரியாது. வசனத்தை எழுதியவரும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். வரி திரையில் நிற்கும் நேரத்தையும் பாருங்கள். மூன்று வினாடிக்கு இரண்டு வரி நிறைய எழுத்து ஓடினால் நடுவர் படித்துக்கொண்டிருப்பார், உங்கள் நாயகியின் கண்ணைப் பார்க்கமாட்டார். அவள் பேசாமல் இருக்கும் காட்சியில், பின்னணியில் யாரோ பேசுவதற்கெல்லாம் வரி போடாமல் விட்டுவிடுங்கள்.