"இன் த கிச்சன்" எப்போது காம்ப்ளிமென்ட், எப்போது அட்ஜங்ட்?

கேள்வி: "ஷி புட் த லெட்டர் இன் த கிச்சன்", "ஷி ரெட் த லெட்டர் இன் த கிச்சன்". இரண்டிலும் கடைசிப் பகுதி ஒன்றேதான். ஆனால் முதல் வாக்கியத்தில் அது காம்ப்ளிமென்ட் (வினை தானே கேட்டுப் பெறும் பகுதி), இரண்டாவதில் அட்ஜங்ட் (வினை கேட்காமல் கூடுதலாகச் சேரும் பகுதி) என்கிறார்கள். ஒரு பகுதியை நீக்கியும் வாக்கியம் நின்றால் அது அட்ஜங்ட் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் "ஷி ஏட் அன் ஆப்பிள்" என்பதில் ஆப்பிளை நீக்கினாலும் "ஷி ஏட்" நிற்கிறதே, ஆப்பிளும் அட்ஜங்டா?

பதில்: இல்லை, ஆப்பிள் காம்ப்ளிமென்ட்தான். நீக்கிப் பார்க்கும் சோதனை ஒரு திசையில் மட்டுமே தீர்ப்பு சொல்லும். நீக்கியதும் வாக்கியம் உடைந்தால், அல்லது வினையின் பொருளே மாறினால், நீக்கியது காம்ப்ளிமென்ட். "ஷி புட் த லெட்டர்" ஆங்கிலத்தில் பாதியில் நிற்கிறது. "ஹி ரேன் த ஷாப்" என்பதில் கடையை எடுத்துவிட்டால் நடத்தியவன் ஓடியவனாகிவிடுகிறான். ஆனால் நீக்கிய பிறகும் வாக்கியம் நன்றாக இருந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. "ஈட்", "ரீட்", "ட்ரிங்க்" போன்ற வினைகள் தங்கள் காம்ப்ளிமென்டை விட்டுவிட அனுமதிப்பவை. விடலாம் என்பதாலேயே அது வினைக்கு வெளியாள் ஆகிவிடாது.

இந்தச் சோதனை தமிழ் பேசுபவர்களை இன்னொரு வகையிலும் ஏமாற்றும். சூழல் தெரிந்தால் தமிழில் எதையும் விடலாம். "சாவியை வைத்தேன்", ஏன், "வைத்தேன்" மட்டுமேகூடப் போதும். அந்தக் காதோடு கேட்டால் "ஐ புட் த கீ" சரியாகத்தான் ஒலிக்கும். அதனால் மனத்துக்குள் மொழிபெயர்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நம்பகமான சோதனை "டிட் ஸோ". இந்தச் சொற்கள் வினையையும் அதன் காம்ப்ளிமென்டுகள் அனைத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். வெளியே மிச்சமாக நிற்கக்கூடியது அட்ஜங்ட் மட்டுமே. "ஜான் ரெட் த லெட்டர் இன் த கிச்சன், அண்ட் மேரி டிட் ஸோ இன் த கார்டன்" சரியான வாக்கியம். "ரெட்" இருந்த இடத்தில் "புட்" வைத்துப் பாருங்கள், "டிட் ஸோ இன் த கார்டன்" ஒட்டவே ஒட்டாது. வைக்கும் இடம் ஏற்கெனவே "டிட் ஸோ"வுக்குள் போய்விட்டது. ஆப்பிளும் அப்படித்தான்: "ஜான் ஏட் அன் ஆப்பிள் அண்ட் மேரி டிட் ஸோ எ பேர்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு. செயலைக் குறிக்கும் வினைகளுக்கே இது பொருந்தும். "நோ", "லைக்", "சீம்" போன்ற நிலை காட்டும் வினைகளோடு "டூ ஸோ" பொதுவாகச் சேராது.

இன்னொரு சோதனை, வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பார்ப்பது. "ஷி ரெட் த லெட்டர். திஸ் ஹாப்பன்ட் இன் த கிச்சன்" நிற்கிறது. "ஹி ரிலைட். திஸ் வாஸ் ஆன் ஹிஸ் பிரதர்" நிற்கவில்லை. "ரிலை" என்ற வினை "ஆன்" என்பதைத் தானே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. அந்த இடத்தில் "அண்டர்", "நியர்" என்று மாற்ற முடியாது. முன்னிடைச்சொல்லை வினையே நிர்ணயித்தால் அது காம்ப்ளிமென்ட் என்பதற்கு வலுவான அடையாளம். மறுதலையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்: "புட்" என்பதற்குப் பின் "இன்", "ஆன்", "அண்டர்" எல்லாமே வரும், இருந்தும் அது காம்ப்ளிமென்ட்தான்.

இரண்டும் ஒரே வடிவில் மோதும் அழகான எடுத்துக்காட்டு, "ஹி டிசைடட் ஆன் த போட்". படகைத் தேர்ந்தெடுத்தான் என்றால் காம்ப்ளிமென்ட். படகில் இருந்தபோது முடிவெடுத்தான் என்றால் அட்ஜங்ட். செயப்பாட்டுக்கு மாற்றி "த போட் வாஸ் டிசைடட் ஆன்" என்றால் முதல் பொருள் மட்டுமே தங்கும். "ஆன் த போட், ஹி டிசைடட்" என்று முன்னே கொண்டுவந்தால் இரண்டாவது. ஆக, ஒரு சொற்றொடரைத் தனியாக எடுத்து அது எந்த வகை என்று கேட்பதில் பயனில்லை. அந்த வினையோடு அதற்கு என்ன உறவு என்பதே கேள்வி.

பெயர்ச்சொல்லாக இருந்தால் ஆப்ஜெக்ட் (செயப்படுபொருள்) என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. "ஷி வேஸ்டட் அன் அவர்" என்பதில் ஒரு மணி நேரம் காம்ப்ளிமென்ட். "அன் அவர் வாஸ் வேஸ்டட்" என்று மாற்றலாம். "ஷி ஸ்லெப்ட் அன் அவர்" என்பதில் அதே சொற்கள் அட்ஜங்ட்; செயப்பாட்டுக்கு வராது, "ஷி ஸ்லெப்ட் இட்" என்றும் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எப்படி என்று சொல்லும் சொல்லெல்லாம் அட்ஜங்ட் என நினைப்பது. "ஷி ட்ரீட்டட் ஹிம் பேட்லி" என்பதில் "பேட்லி"யை நீக்கினால், நடத்தினாள் என்ற பொருள் போய் மருத்துவம் பார்த்தாள் என்ற பொருள் வந்துவிடும். அங்கே அது காம்ப்ளிமென்ட்.

தேர்வில் எழுதும்போது கவனம் தேவை, ஏனெனில் பெயரிடும் மரபுகள் இரண்டு இருக்கின்றன. 1985இல் ராண்டால்ஃப் குவர்க் குழுவினர் வெளியிட்ட இலக்கணத்தில் வாக்கிய அமைப்புகள் ஏழு. அங்கே ஆப்ஜெக்ட் வேறு, காம்ப்ளிமென்ட் வேறு. "புட்" வாக்கியம் எஸ்-வி-ஓ-ஏ (எஸ் எழுவாய், வி வினை, ஓ ஆப்ஜெக்ட், ஏ இடம், காலம் போன்றவற்றைச் சொல்லும் அட்வெர்பியல்; காம்ப்ளிமென்டுக்கு சி), அதில் ஏ கட்டாயமானது. 2002இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணத்தில் ஆப்ஜெக்டும் காம்ப்ளிமென்டில் ஒரு வகை. "புட்" கேட்கும் இடமும் காம்ப்ளிமென்ட். நான் மேலே சொன்னவை இந்த இரண்டாவது மரபின்படி. உங்கள் பாடநூல் எஸ்-வி-ஓ-சி-ஏ என்று பிரித்தால் அதன்படியே எழுதுங்கள்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் இதே வேறுபாடு உண்டு. "த நியூஸ் தட் ஹி வொன்" என்பதில் வென்றான் என்பதே செய்தி. அது காம்ப்ளிமென்ட், "தட்" இருக்கும் இடத்தில் "விச்" போட முடியாது. "த நியூஸ் தட் ஹி பிராட்" என்பதில் அவன் கொண்டுவந்தது எந்தச் செய்தி என்று அடையாளம் காட்டுகிறோம்; "விச்" தாராளமாக வரும்.

சில இடங்களில் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். "ஹி வாக்ட் டு த ஸ்டேஷன்" அப்படிப்பட்டது. இலக்கண ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. எந்தச் சோதனையை வைத்து முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தினசரி ஆங்கிலத்தில் இது எங்கே உதவும்? "டிஸ்கஸ் அபவுட் த பிராப்ளம்" என்ற பிழையில். தமிழின் "பற்றி" உள்ளே இழுக்கும் "அபவுட்" அது. "டிஸ்கஸ்" நேரடியாகப் பெயர்ச்சொல்லையே காம்ப்ளிமென்டாகக் கேட்கும். "டாக்" என்பதற்குத்தான் "அபவுட்" வேண்டும். "எக்ஸ்பிளெயின் மீ" தவறாவதும் இதனால்தான்: யாருக்கு என்பதை அந்த வினை "டு" வைத்துக் கேட்கிறது. கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியில் "எக்ஸ்பிளெயின் சம்திங் டு சம்படி", "ரிலை ஆன் சம்படி" என்று வினைக்கு அருகிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த "சம்திங்", "சம்படி" எல்லாம் காம்ப்ளிமென்டுக்கான இடங்கள். புதிய வினையைக் குறித்து வைக்கும்போது பொருளோடு அந்த வரியையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.