மின்வாரியம், வங்கி, போலீஸ் பெயரில் வரும் மெசேஜ் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லிங்க்கைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது?

கேள்வியில் இருப்பது இதுதான்: அப்பாவின் போனுக்குப் பத்து இலக்க எண் ஒன்றிலிருந்து எஸ்எம்எஸ். "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும்." அது போலி என்று பிறகு தெரிந்தது. இனி வருவதை எப்படி அடையாளம் காண்பது, தவறிப்போய் ஏதாவது செய்துவிட்டால் அடுத்து என்ன?

விடை அந்த மெசேஜிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. "போன மாத பில்" என்று ஒன்று இங்கே கிடையாது. அந்த வாசகம் தமிழ்நாட்டுக்காக எழுதப்பட்டதே இல்லை, டெல்லிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒன்றையேதான் அனுப்புகிறார்கள். அடுத்து, அதில் மின் இணைப்பு எண் இல்லை. யாருடைய இணைப்பு, எவ்வளவு பாக்கி என்று சொல்லாத பில் நோட்டீஸ் எங்கேயாவது உண்டா? மூன்றாவது, இரவு ஒன்பதரை. ஏன் அந்த நேரம்? மெசேஜ் சாயங்காலம் வரும், பிரிவு அலுவலகம் மூடியிருக்கும், நேரில் போய் விசாரிக்க வழி இருக்காது. மிச்சம் இருப்பது அந்த "அதிகாரி"யின் எண் மட்டும். கூப்பிட்டால் எனிடெஸ்க், குயிக்சப்போர்ட் போன்ற திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். "சரிபார்க்க" பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள். பத்து ரூபாய் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கட்டும்போது நீங்கள் தட்டும் கார்டு எண்ணும், திரையில் வந்து விழும் ஓடிபியும்தான் வேண்டும்.

எழுத்துப்பிழையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்பது பழைய அறிவுரை. இன்றைக்கு நல்ல தமிழிலேயே வருகிறது, லோகோவும் சரியாக இருக்கிறது. பார்க்க வேண்டியது வேறு: எந்த வழியாக வந்தது, எங்கே கூட்டிப்போகிறது, என்ன செய்யச் சொல்கிறது.

முதலில் வந்த வழி. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ், பதிவு செய்த ஒரு தலைப்பிலிருந்துதான் (எண் இருக்கும் இடத்தில் தெரியும் அனுப்புநர் பெயர்) வர வேண்டும். தலைப்பின் முதல் இரண்டு எழுத்துகள் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும், வட்டம் எனப்படும் சேவைப் பகுதியையும் குறிக்கும். ஒரு சிறு கோடு, அதன்பின் அனுப்புநரின் பெயர்ச்சுருக்கம். 2025 மே மாதத்திலிருந்து கடைசியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்திருக்கிறது: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவைத் தகவல், டி என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, ஜி என்றால் அரசு. வங்கியோ மின்வாரியமோ பேசுவதாகச் சொல்லிக்கொண்டு பத்து இலக்க எண்ணிலிருந்தோ, ப்ளஸ் 91 அல்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்தோ வந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. அஞ்சல் துறை பெயரில் "பார்சல் முகவரி சரியில்லை, 12 மணி நேரத்துக்குள் திருத்தவும்" என்று வருகிறதே, அது பெரும்பாலும் இந்த வகைதான். தலைப்பு சரியாக இருந்தாலே செய்தி உண்மை என்றும் ஆகிவிடாது, பிறருடைய தலைப்பைத் தவறாகப் பயன்படுத்தியதும் நடந்திருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்ஸைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே தடுக்க வேண்டும். ஆனால் அந்த விதி வாட்ஸ்அப்பையும் ஐபோனின் ஐமெசேஜையும் கட்டுப்படுத்தாது. திருடன் அந்த வாசலில் வருகிறான்.

இனி லிங்க். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். லிங்க்கைத் தொடாமல் அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக நடங்கள். தபால் முகவரியில் ஊர்ப் பெயர் கடைசியில் வருவதைப் போல, இணைய முகவரியிலும் சொந்தக்காரன் யார் என்பது அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில்தான் இருக்கும். வாகன அபராதத்தின் உண்மையான தளம் "இசலான் புள்ளி பரிவாகன் புள்ளி ஜிஓவி புள்ளி இன்". கடைசித் துண்டு ஜிஓவி புள்ளி இன், அதை அரசு மட்டுமே வைத்திருக்க முடியும். போலியில் "பரிவாகன் புள்ளி ஜிஓவி-இன் புள்ளி டாப்" என்று இருக்கும். ஜிஓவிக்கும் இன்னுக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் சிறு கோடு, முடிவில் டாப். சொந்தக்காரன் "ஜிஓவி-இன் புள்ளி டாப்" என்ற பெயரை வாங்கியவன்தான், அதற்கு இடப்பக்கம் எழுதியிருப்பதெல்லாம் வெறும் பெயர்ப்பலகை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப்போட்டால் எம் மாதிரி தெரியும். சின்னத் திரையில் அதைப் பிடிப்பது கஷ்டம்.

வங்கிகளுக்கு இப்போது வேலை எளிது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க் புள்ளி இன்" என்று முடியும் முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி பெயர் சொல்லி வரும் லிங்க் வேறு எப்படி முடிந்தாலும் சந்தேகப்படுங்கள். பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று அது சொல்லாது, போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது.

மின்னஞ்சலில் பெயரைப் பார்க்காமல் முகவரியைப் பாருங்கள். ஜிமெயில் ஆப்பில் அனுப்புநர் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்பைத் தொட்டால் அது விரியும். கணினியில் மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என அனுப்புநரைச் சோதிக்கும் மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் பாஸ் அல்லது ஃபெயில். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாஸ் என்றால் அந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அஞ்சல் வந்தது என்று மட்டுமே பொருள். திருடன் காசு கொடுத்து வாங்கிய டொமைனிலிருந்து அவனே அனுப்பினாலும் மூன்றும் பாஸ்தான். ஆகவே பாஸ் ஆன டொமைன் யாருடையது என்பதே கேள்வி. வருமான வரி நோட்டீஸ் என்று வந்தால் சோதிப்பது இன்னும் சுலபம். 2019 அக்டோபரிலிருந்து துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். இ-ஃபைலிங் தளத்துக்கு நீங்களாகப் போய், லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

அஞ்சலோடு இணைப்பாக ஹெச்டிஎம்எல் கோப்பு (இணையப் பக்கக் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். அது உங்கள் கணினியிலேயே ஒரு போலி லாகின் பக்கத்தை விரிக்கும். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல அறிகுறி உண்டு: எப்போதும் தானாக நிரப்பும் அது, ஒரு பக்கத்தில் மட்டும் சும்மா இருந்தால் முகவரி மாறியிருக்கிறது. நம் கண் ஏமாறும், அது எழுத்து எழுத்தாக ஒப்பிடும். "ஏதோ கோளாறு" என்று கையால் தட்டிவிடாதீர்கள்.

இருப்பதிலேயே ஆபத்து வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புதான், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. வாகன அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்று ஏதாவது பெயரில் வரும். அனுப்பியது சித்தப்பாவாக இருக்கும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டிவிட்டது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோ வரலாம், ஆப்பாக வரக் காரணமே இல்லை. நிறுவும்போது நடப்பதைக் கவனியுங்கள். முதலில் வாட்ஸ்அப்புக்கு "அறியப்படாத ஆப்களை நிறுவும்" அனுமதி கேட்கும். அடுத்து போனில் இருக்கும் கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட் எச்சரிக்கும், அதை அணைக்கச் சொல்வார்கள். பிறகு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, பல நேரம் திரையைப் படித்து இயக்கவிடும் அக்சசிபிலிட்டி அனுமதியும். இவ்வளவும் கொடுத்தபின் ஐகான் மறைந்துவிடும், "ஆப் வேலை செய்யவில்லை" என்று நீங்கள் மறந்துவிடுவீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அங்கேயும் போகும். "நான் யாரிடமும் ஓடிபி சொல்லவே இல்லை, எப்படிப் பணம் போனது?" என்று கேட்பவர்களில் பலருக்குப் பதில் இதுதான்.

சரி, ஏதோ ஆகிவிட்டது. எது வரை போனது என்பதைப் பொறுத்து வேலை மாறும். லிங்க்கைத் திறந்து மூடிவிட்டீர்கள், எதையும் தட்டவில்லை, எதையும் நிறுவவில்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பாஸ்வேர்டு தட்டியிருந்தால் வேறு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். ஜிமெயிலாக இருந்தால் ஃபில்டர்களையும் ஃபார்வர்டிங்கையும் மீட்பு எண்ணையும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, வங்கி அஞ்சலை எல்லாம் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் ஒரு ஃபில்டர் உள்ளே கிடக்கலாம்.

ஏபிகே நிறுவிவிட்டால் முதலில் ஏரோப்ளேன் மோட், வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்துங்கள். பிறகு, நிறுவிய ஆப்கள் இயங்காத சேஃப் மோடில் போனைத் திறந்து, செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலிலும் அக்சசிபிலிட்டியிலும் அந்த ஆப்பின் அனுமதியை எடுத்த பிறகே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அனுமதியை எடுக்காமல் நீக்கப் பார்த்தால் பட்டன் மங்கலாகவே இருக்கும். அப்படியும் போகாவிட்டால் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஃபாக்டரி ரீசெட். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

பணம் போயிருந்தால் 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் இன்னும் மிச்சமிருக்கும் தொகையை முடக்கி வைப்பார்கள். பணம் நிமிடக் கணக்கில் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் என்பதால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எல்லாரும் அவ்வளவு பேசுகிறார்கள். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கிக் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் (யுபிஐயில் அது 12 இலக்கம்), ஸ்கிரீன்ஷாட். சைபர்கிரைம் புள்ளி ஜிஓவி புள்ளி இன் தளத்திலும் புகாரை முழுமையாகப் பதியுங்கள். கோபத்தில் மெசேஜை அழித்துவிட வேண்டாம், அதுதான் சாட்சி.

வங்கிக்குத் தனியாக எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணையும் நேரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதிப்படி, வங்கியிடமும் உங்களிடமும் குறையில்லாத மோசடி என்றால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது உங்கள் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். "நாளைக்குக் காலையில் கிளைக்குப் போய்ச் சொல்லலாம்" என்று அப்பா சொன்னால் கேட்காதீர்கள்.

வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாமல் கார்டின் பின்பக்கம் பாருங்கள். தேடலில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண் பலமுறை இதே ஆட்கள் போட்டுவைத்ததாக இருக்கிறது. பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும்தான் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம், இரண்டு நிமிட வேலை.

அப்பாவின் போனில் இன்றைக்கே செய்யக்கூடியது: செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். யுபிஐயின் தினசரி வரம்பைக் குறைத்துவையுங்கள். முடிந்தால் வங்கியில் பதிந்த சிம்மைப் பழைய பட்டன் போனுக்கு மாற்றுங்கள், அதில் ஏபிகே ஏறாது. பணம் வாங்க யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. புகார் கொடுத்த சில நாளில் "உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்" என்று சைபர் போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ ஒரு அழைப்பு வரலாம். ஒரு முறை ஏமாந்தவர்களின் எண்கள் இவர்களுக்குள் கைமாறும். பணத்தைத் திருப்பித் தரப் போலீஸ் கட்டணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.