மரக் கப்பல் மாதிரிக்குப் பலகை ஒட்டுதல்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கப்பல் உடம்பைப் பற்றி மட்டும் கேளுங்கள். பாய், கயிறு, மோட்டார் வேறு நாளைக்கு.

தோட்டப் பள்ளி ஆசிரியர்: முன்பக்கம் போகப் போகப் பலகைக் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஊறவைத்தும் படியவில்லை, சார்.

ஊறவைத்துப் பயனில்லை சார், கீற்றின் அகலம்தான் கோளாறு. தர்பூசணியின் வரிகளைப் பாருங்கள்: நடுவில் அகலம், நுனியில் ஒடுக்கம். கப்பல் உடம்பும் அப்படித்தான். ஒரே அகலக் கீற்றை முன்னால் இழுத்தால் அது பக்கவாட்டில் வளைய வேண்டும். மரம் தட்டையாக வளையும், விளிம்பின்மேல் வளையாது.

விலா எலும்புபோல் நிற்பவை சட்டங்கள், அடியில் முதுகெலும்புபோல் ஓடுவது கீல். நடுச்சட்டத்தில் மேல் கீற்றின் அடி விளிம்பிலிருந்து கீல் வரை ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவைத்து அளவு எடுங்கள். 90 மி.மீ. வந்தால், 5 மி.மீ. கீற்று 18 வேண்டும். முன்சட்டத்தில் அதே அளவு 54 மி.மீ. என்றால் அங்கே ஒவ்வொன்றும் 3 மி.மீ.தான். எல்லாச் சட்டத்திலும் இப்படி 18 பங்காகப் பிரித்துப் பென்சிலால் குறியுங்கள். கீற்றை இரண்டு இரும்பு ரூலருக்கு நடுவே பிடித்து, ஒரு விளிம்பை மட்டும் சீவுங்கள்.

பாதி அகலத்துக்குக் கீழே போகாதீர்கள். 5 மி.மீ. கீற்றுக்கு 2.5 எல்லை. அதற்கும் இடமில்லை என்றால் இரண்டு கீற்று முடிகிற இடத்தில் ஒரே கீற்றாகச் சேர்க்கவேண்டும். பின்பக்கம் பெரும்பாலும் நேர்மாறு. இடம் அதிகமாகி இடைவெளி விழும். அங்கே ஆப்பு வடிவத் துண்டு செருகுங்கள், இழுத்து மூடாதீர்கள்.

கீலை ஒட்டிவரும் முதல் கீற்றை, கப்பல் மூக்காக நிற்கும் முன்கட்டையில் மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறினால் மற்றதெல்லாம் மேலே தள்ளப்பட்டு நெருக்கியடிக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டினால் கீல் வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

படிவம் நான்கு மாணவர்: சூப்பர் குளூ போதுமா, அண்ணே?

நுனியில் ஒரு சொட்டு, பிடித்துக்கொள்ள மட்டும் தம்பி. மற்ற இடத்துக்கு மரப்பசை. சூப்பர் குளூ ஊறிய இடத்தில் சாயம் ஏறாது.

தாமானில் இருந்து ஓர் அக்கா: எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

1.5 மி.மீ. கனத்துக்குச் சூடான நீரில் கால் மணி நேரம் போதும், அக்கா. வளைப்பது சூடுதான், நீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது. வளைத்ததை அச்சில் கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரக் கீற்றைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். காய்ந்தபின் 2 விழுக்காடு சுருங்கினாலே ஒரு கீற்றுக்கு 0.1 மி.மீ.; 18 கீற்றுக்கு 1.8 மி.மீ. பிளவு. நம் ஊர் ஈரக்காற்றில் செய்து முடித்ததை ஏர்கான் அறையில் வைத்தாலும் பிளவு விழும்.

மர ஆலை ஊழியர்: பால்மரம் (ரப்பர் மரம்), ஜெலுத்தோங், எது நல்லது?

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து போட்டுச் சூளையில் உலர்த்தாவிட்டால் நீலப்பூசணமும் துளைப்பூச்சியும் வரும். நாற்காலிக் கடைக் கழிவுத் துண்டு என்றால் தைரியமாக எடுக்கலாம், கீலுக்கும் சட்டத்துக்கும். கீற்றுக்கு வேண்டாம், துளைகள் பெரிது. ஜெலுத்தோங் மென்மையாகச் சீவப்படும். முன்பக்கச் சட்டங்களுக்கு நடுவே நிரப்பும் கட்டைக்கும், இரண்டடுக்காக ஒட்டினால் உள்ளடுக்குக்கும் நல்லது. அதில் பால் ஓடிய துவாரங்கள் கண் வடிவத்தில் இருக்கும், அவற்றை ஒதுக்கி அறுக்கவேண்டும்.

இன்னொருவர்: முதல் கப்பலாக பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரி செய்யலாமா?

வேண்டாம். நூறு பீரங்கிக்கு மேல், மேலே உள்நோக்கிச் சரியும் பக்கச்சுவர். பக்கத்துக்கு நாலைந்து கீற்றோடு முடியும் தட்டையடிப் படகு செய்யுங்கள்.

செம்பனை ஆலை ஃபிட்டர்: திரெங்கானு புலாவ் டுயோங்கில் சட்டமே இல்லாமல் முதலில் பலகையைத்தானே கட்டுகிறார்கள்? நீங்கள் சட்டம் சட்டம் என்கிறீர்களே!

உண்மைதான், அண்ணே. அங்கே செங்கால் மரப் பலகைகளை மர ஆணியால் விளிம்போடு விளிம்பாகப் பிணைத்து, நடுவே கெலாம் மரப்பட்டையை வைத்து, உடம்பு உருவான பிறகே சட்டம் போடுவார்கள். ஆனால் 50 மி.மீ. பலகை 1:48 அளவில் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகிவிடும். அந்த விளிம்பில் எங்கே ஆணி அடிப்பது?

ஃபிட்டர்: ஆணி வேண்டாம், பசை இருக்கிறதே. உள்ளே அச்சு வைத்து, பிறகு எடுத்துவிட்டால்?

அது சரியான வழி. அச்சின் விளிம்பில் செலோடேப் ஒட்டுங்கள், பசை பிடிக்காது. கீற்றின் விளிம்பில் மட்டும் பசை. காய்ந்ததும் அச்சைக் கழற்றிச் சட்டம் போடுங்கள். பெடார் என்ற திரெங்கானுப் பாய்மரக் கப்பலின் மாதிரியைச் செய்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

கிள்ளானில் இருந்து ஒருவர்: வெள்ளைக்காரன் கப்பலுக்கு அது ஒத்துவராது!

ஏன் வராது? 17ஆம் நூற்றாண்டு டச்சுத் தச்சர்கள் அடிப்பலகையைத் தற்காலிகக் கட்டைகளால் பிடித்துவைத்து, பிறகுதான் சட்டம் போட்டார்கள். 1628இல் மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல் வாசாவும் டச்சு முறையில் கட்டியதுதான்.

கிள்ளான்காரர்: கிட் பெட்டியில் சட்டம்தானே வருகிறது?

பெட்டியில் வருவது விற்பவரின் வசதிக்கு. மூலக்கப்பலில் அவ்வளவு தூரத்துக்கு ஒன்றாகவா சட்டம் இருந்தது?

ஃபிட்டர்: அப்படிச் சொல்லுங்கள்!

சரி, இதோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒருவர்: முன்னால் கீற்று ஏறுகிறது...

முதல் பதில்.

வேறொருவர்: பிளவை மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாமா?

வண்ணம் பூசுவதென்றால், இல்லை இரண்டாம் அடுக்கு வருவதென்றால் அடைக்கலாம். வார்னிஷ் மட்டும் என்றால் அந்த இடம் கறையாகத் தெரியும். மெல்லிய மரச்சீவலைச் செருகித் தேய்ப்பதே வழி.

ஓர் அம்மா: சட்டங்களைத் தேய்க்க வேண்டுமா? அப்படியே ஒட்டலாமா?

கட்டாயம் தேய்க்கணும், அம்மா. ஒரு நீளக் குச்சியில் 120 எண் மணல்தாளை ஒட்டிக் குறைந்தது மூன்று சட்டத்தின்மேல் ஒன்றாகத் தேய்க்கணும். ஒரு கீற்றை மேலே படுக்கவைத்தால் ஒவ்வொரு சட்டத்தின் முழுக் கனத்திலும் ஒட்டி உட்காரணும். முன்பக்கச் சட்டத்தில் சரிவு அதிகம் வரும். பள்ளமான இடத்தில் மெல்லிய சீவலை ஒட்டி மறுபடி தேயுங்கள். தூசிக்கு முகக்கவசம் போடுங்கள்.

முதல் ஆசிரியர் மறுபடி: கீற்று இன்னும் ஈரமாக இருக்கிறது, இப்போதே ஒட்டலாமா சார்?

நாளைக்கு ஒட்டுங்கள், சார்.